இரண்டடி ரீஃப் தொட்டி, அளவு கொடுத்துச் செய்யப் போகிறேன்: கண்ணாடி 8 எம்எம்மா 10 எம்எம்மா?

வண்ணை_மாடிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக நன்னீரில் செடித் தொட்டி வைத்திருக்கிறேன், உப்புத் தண்ணீர் பக்கம் இதுவரை போனதில்லை. போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டில் உப்புத் தண்ணீரில் பவளம் வளர்க்கும் சின்ன ரீஃப் தொட்டி ஒன்றைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. வீட்டில் "வைத்துத் தொலைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார், அவர் மனசு மாறுவதற்குள் ஆர்டர் கொடுத்துவிட வேண்டும்.

வீடு பழைய வண்ணாரப்பேட்டை. தாத்தா காலத்துக் கட்டடம், நாங்கள் முதல் மாடியில் இருக்கிறோம். தொட்டி வைக்க நினைத்திருப்பது ஹாலில், மேற்குப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில். ஏசி படுக்கையறையில் மட்டும்தான். ரெடிமேடு தொட்டி எதுவும் அந்த இடத்துக்கு ஒத்து வரவில்லை, அதனால் கொளத்தூரில் அளவு கொடுத்துச் செய்யலாம் என்று இருக்கிறேன். 60 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம், மேலே விளிம்புப் பட்டி இல்லாமல், முன்பக்கம் மட்டும் எக்ஸ்ட்ரா கிளியர் கண்ணாடி, கீழே ஸ்டாண்டுக்குள் சம்ப் (வடிகட்டும் சாமான்களுக்கான இரண்டாவது தொட்டி). விசாரித்த ஒரு கடையில் 6 எம்எம் தாராளம் என்கிறார், அடுத்த கடையில் 8, இன்னொருவர் 12க்குக் குறைந்தால் என்னிடம் வராதே என்கிறார். எதை நம்புவது?

இன்னும் இரண்டு கேள்வி. பெரியப்பா பையனுக்குக் காசிமேட்டில் படகு இருக்கிறது, கேனில் கடல் தண்ணீர் எடுத்துத் தருகிறேன் என்கிறான், அதையே ஊற்றலாமா? ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து ஒருவர் லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கும் கடல் கல்), பவளம் எல்லாம் பார்சலில் அனுப்புவதாகச் சொல்கிறார், விலையும் குறைவு. வாங்கலாமா? மொத்தமாக 60 ஆயிரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

உப்புக்காத்து:

தம்பி, கண்ணாடியை அப்புறம் பார்ப்போம். ஹால், மேற்கு ஜன்னல், ஏசி கிடையாது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் என்ற சொல்லே உங்கள் பதிவில் இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்குவது அதுதான்.

நான் திருவொற்றியூர். இப்போது ஓடுவது என்னுடைய இரண்டாவது தொட்டி. முதல் தொட்டிக்கு உங்களை மாதிரியே கண்ணாடி, லைட்டு, கல் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கினேன், குளிர்ச்சிக்கு மட்டும் தண்ணீர் மேல் இரண்டு குட்டி ஃபேனை மாட்டிவிட்டு, கடலோரம்தானே இருக்கிறோம், காற்று வருகிறதே என்று இருந்துவிட்டேன். எட்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. மே மாதத்தில் ஒரு ராத்திரி கரன்ட் போய் ஐந்து மணி நேரம் வரவில்லை. தண்ணீர் ஏற்கெனவே 31 டிகிரி. சூடான உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதிலும் மோட்டார் நின்று மேல்பரப்பு அசையாமல் கிடந்தால் மீனுக்கு மூச்சு எங்கிருந்து வரும்? வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. அது எங்கள் தலைக்கு மேல் ஃபேனைச் சுற்றிக்கொண்டிருந்தது, தொட்டிக்கு அதிலிருந்து லைன் இழுக்க எனக்குத் தோன்றவே இல்லை. காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர் கழுநீர் மாதிரி வெளுத்திருந்தது, நத்தைகள் மணலில் வாயைப் பிளந்து கிடந்தன, ஒரு கை அகலத்துக்கு விரிந்திருந்த லெதர் பவளம் நனைந்த அப்பளம் மாதிரி கல்லோடு ஒட்டிக் கிடந்தது. அந்த நாற்றம் வீட்டை விட்டுப் போக ஒரு வாரம் ஆனது. தப்பு முழுக்க என்னுடையதுதான்.

அதனால் பணம் எதுவும் கட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். 20 லிட்டர் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, தொட்டி வரப் போகிற அதே இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். 200 ரூபாய்க்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கும், காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ரீஃப் தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். வாளி 31 காட்டினால் லைட்டும் மோட்டாரும் ஓடுகிற தொட்டி அதற்கு மேலே போகும். ஃபேன் ஊதினால் தண்ணீர் ஆவியாகிக் குளிரும் என்பது உண்மைதான், ஆனால் நம் ஊரின் பிசுபிசுப்பில் இரண்டு டிகிரி இறங்கினாலே பெரிய விஷயம். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்துப்போனது படித்திருப்பீர்கள். கடலுக்கே அந்தக் கதி என்றால் 100 லிட்டர் தொட்டி எம்மாத்திரம்.

உங்கள் அளவுக்கு பத்தில் ஒரு குதிரைத்திறன் சில்லர் போதும். பட்ஜெட்டில் பாதியை அது சாப்பிட்டுவிடும், இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இ.பி. கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சில்லர் ஏறக்குறைய 200 வாட், கோடையில் தினம் 12 மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட். ரிட்டர்ன் மோட்டார் (சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது), அலை மோட்டார், ஸ்கிம்மர் (நுரை எழுப்பி அழுக்கைப் பிரிப்பது) மூன்றும் சேர்ந்து 40 வாட் என்றாலும் 24 மணி நேரமும் ஓடுவதால் ஒரு யூனிட். லைட்டு அரை யூனிட். ஆக நாளைக்கு 4 யூனிட் பக்கம், இரண்டு மாத பில்லில் 240. ஏற்கெனவே நீங்கள் 300, 350 ஓட்டுகிறீர்கள் என்றால் 500ஐத் தாண்டி ஸ்லாப் மாறிவிடும், வீட்டில் "வைத்துத் தொலைங்க" என்றவர் வேறு மாதிரி பேசுவார்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். மேற்கு வெயில் சூட்டையும் ஏற்றும், பாசியையும் ஏற்றும்.

கொளத்தூர்_கண்ணாடி:

தொட்டி செய்வதுதான் தொழில், அதனால் கண்ணாடியை மட்டும் சொல்கிறேன் (கடைப் பெயர் சொல்ல மாட்டேன், விளம்பரம் ஆகிவிடும்).

45 செ.மீ. உயரத்துக்கு மேல்பட்டி இல்லாமல் 6 எம்எம் என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 8 தாங்கும். 10 போடுங்கள், நிம்மதியாகத் தூங்கலாம். 12 தேவையில்லை, வெயிட்டும் காசும்தான் ஏறும். வெட்டு அளவு நீங்களே சரிபார்த்துக்கொள்ள எழுதுகிறேன்: அடிக்கண்ணாடி 600க்கு 450. சுவர்கள் நான்கும் அடிக்கண்ணாடி மேல் உட்காரும், அதனால் உயரம் 440. முன், பின் 600க்கு 440. பக்கவாட்டுக் கண்ணாடி இரண்டும் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் வரும், 450இல் இரண்டு பத்து போனால் 430, அதில் சிலிக்கானுக்குப் பக்கத்துக்கு ஒரு எம்எம் விட்டு 428. நிறையப் பேர் இந்த ஒரு எம்எம்மை விடாமல் கண்ணாடியோடு கண்ணாடி முட்டுகிற மாதிரி ஒட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே பிடித்து நிற்க சிலிக்கான் இருக்காது. கண்ணாடி மட்டும் 30 கிலோ வரும்.

டெலிவரி எடுக்கும்போது செல்போன் டார்ச்சைக் கண்ணாடியின் ஓரத்தில் வைத்து மூட்டு நெடுகப் பாருங்கள். ஒட்டிய இடம் ஒரே கறுப்பாக, அல்லது கிளியர் சிலிக்கான் என்றால் ஒரே தெளிவாக இருக்க வேண்டும். வெள்ளிப் பொட்டு மாதிரி மின்னினால் அது காற்றுக் குமிழ். ஒன்று இரண்டு சின்னதாக இருந்தால் பாதகமில்லை. ஒரு குமிழ் மூட்டின் உள் ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை நீண்டிருந்தால் வாங்காதீர்கள், கசிவு அங்கேதான் தொடங்கும். சிலிக்கானில் பூஞ்சை வராது என்று போட்டிருந்தால் அது பாத்ரூமுக்கு, தொட்டிக்கு ஆகாது. ஒட்டும்போது வினிகர் வாசம் அடிக்கும் சாதா வகைதான் நமக்கு.

ஓட்டை போடுவதாக இருந்தால் ஒட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள். டஃப்பன் செய்த (சூடேற்றிக் கெட்டிப்படுத்திய) கண்ணாடியில் டிரில் வைத்தால் மொத்தமும் பொடியாக உதிர்ந்துவிடும், அதனால் சாதாக் கண்ணாடிதான். பின்கண்ணாடியில் மூன்று ஓட்டை போடச் சொல்வேன். ஒன்று கீழே போகிற மெயின் லைன், அதில் கேட் வால்வு. இரண்டாவது அவசர லைன், வால்வே கூடாது, மெயின் அடைத்தால் தண்ணீர் இதில் இறங்கும். மூன்றாவது மேலே வருகிற ரிட்டர்ன். ஒரே ஓட்டையோடு செய்து வாங்கிப்போன ஒருவருக்கு நத்தை போய் அடைத்துக்கொண்டு ஹால் முழுக்க உப்புத் தண்ணீர் ஓடி, சோபாவைத் தூக்கிப்போட்டார்கள்.

ஒட்டி ஒரு வாரம் காய விட்டு, சாதாத் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் வாசலில் வைத்துப் பாருங்கள், அடியில் தெர்மாகோல் போட்டு, அதைச் சுற்றி நியூஸ்பேப்பர் விரித்து. பேப்பர் பொய் சொல்லாது.

கேப்டன்_குழம்பு:

60 ஆயிரத்துக்குக் காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கினால் தெருவுக்கே குழம்பு வைக்கலாம். சும்மா சொன்னேன், அடிக்க வராதீங்க.

பரங்கிப்பேட்டை_பழைய_மாணவி:

பெரம்பூரில் இருக்கிறேன், கடல் உயிரியல் படித்தவள். கல்லைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நுழைகிறேன்.

ராமேஸ்வரம் பார்சல் வேண்டவே வேண்டாம். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்கா. அது இல்லாவிட்டாலும், பாறை கட்டுகிற கடினப் பவளம் எந்த இனமாக இருந்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியல். கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டைக்கும் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. "செத்த கல்தானே" என்பார்கள், செத்த முருகைக்கல்லும் அதே சட்டத்துக்குள்தான் வரும். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாக வெட்டியதில் அங்கே மூழ்கிப்போன தீவுகள்கூட உண்டு, உங்கள் இரண்டடித் தொட்டிக்காக இன்னும் பத்துக் கிலோ போக வேண்டாம். பார்சலில் பிடிபட்டால் முகவரி உங்களுடையது என்பதையும் யோசியுங்கள்.

கல்லுக்கு வழி இருக்கிறது. செயற்கையாகச் செய்த உலர் கல்லைப் பில்லோடு வாங்குங்கள், 10, 12 கிலோ போதும். உயிரில்லாத கல்தான், அதில் பாக்டீரியாவை நாம்தான் குடிவைக்க வேண்டும். அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகிற சுற்று முடிய நாலு முதல் ஆறு வாரம். நன்னீரில் செய்திருப்பீர்கள், இங்கே கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். இறாலைப் போட்டு அழுகவிடுகிற பழைய முறை வேண்டாம், நாற்றமும் பாஸ்பேட்டும்தான் மிச்சம். அம்மோனியம் குளோரைடு போடலாம், நம் பாத்திரக்காரர்கள் ஈயம் பூச வைத்திருக்கும் நவச்சாரம் அதேதான், ஆனால் கடைத்தெரு நவச்சாரத்தில் வேறு உலோகம் கலந்திருக்கலாம், ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். 100 லிட்டரில் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வர வெறும் 0.6 கிராம் சொச்சம் போதும், நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று தேவைப்படும். ஸ்பூனால் போட்டால் சுற்று முடிய தீபாவளி ஆகிவிடும்.

தண்ணீர். பெரியப்பா பையன் ஆசையாகச் சொல்கிறார், ஆனால் காசிமேட்டுத் துறைமுகத்துக்குள் டீசல் படலம் மிதப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்தது. வெகுதூரம் போய் எடுத்தாலும் வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்பு இறங்கிவிடும், ஒவ்வொரு கேனும் ஒவ்வொரு அளவில் இருக்கும். சின்னத் தொட்டிக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் எமன். ரீஃப் உப்பு வாங்கிக் கரைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 37 கிராம் வைத்தால் சம்போடு சேர்த்து 130 லிட்டருக்கு முதலில் 5 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, அப்புறம் வாரம் பத்து சதவீதம் மாற்ற அரைக் கிலோ. ஒப்படர்த்தி 1.026, உப்பு ஆயிரத்துக்கு 35. முள் ஆடுகிற பிளாஸ்டிக் மீட்டரை நம்பாதீர்கள், ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி 35 காட்டும் சோதனைக் கரைசலில் சரிசெய்துகொள்ளுங்கள்.

வண்ணை_மாடிவீடு:

அக்கா, பார்சல்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "எல்லோரும் வாங்குறாங்க சார்" என்றார். பெரியப்பா பையனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை, கேன் எல்லாம் கழுவி வைத்துவிட்டானாம்.

வாளி இன்று காலை வைத்தாயிற்று. சந்தேகம் ஒன்று: உப்பைக் கரைக்க மெட்ரோ தண்ணீர் போதுமா? வீட்டில் சமையலுக்கு ஆர்ஓ இருக்கிறது. கரன்ட் போய்த் திரும்ப வரும்போது சம்ப் வழியுமா என்றும் பயமாக இருக்கிறது, கீழ்வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது.

உப்புக்காத்து:

நம் வடசென்னைக் குழாயில் வருவதில் கொஞ்சம் காட்டுப்பள்ளியில் 2010இலிருந்து ஓடுகிற மீஞ்சூர் ஆலையில் உப்பை எடுத்த கடல் தண்ணீர்தான். நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் எடுக்கும் திறனுள்ள ஆலை அது. அவர்கள் அங்கே பாடுபட்டு உப்பை எடுத்து அனுப்ப, நாம் இங்கே கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கி மறுபடி போடுகிறோம். இதை என் மச்சானிடம் சொன்னதிலிருந்து அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஆனாலும் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள், குளோரின் இருக்கும், லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ கலந்திருந்தால் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும். சமையல் ஆர்ஓவில் சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடுகிற திருகு ஒன்று இருக்கும், அதை முழுக்க மூடினாலும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 20, 30 இருக்கும். அதற்குப் பின்னால் மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்றைச் சேர்த்தால் பூஜ்யம் வந்துவிடும். பூஜ்யம் என்றால் பூஜ்யம், 3 வந்தால் ரெசினை மாற்ற வேண்டும்.

ஆவியாகிறதே, அதற்கு ஈடாக ஊற்றுவதும் இந்த நல்ல தண்ணீர்தான், உப்புத் தண்ணீர் இல்லை. உப்பு ஆவியாகாது. 100 லிட்டரில் தினம் 2 லிட்டர் போய் மூன்று நாள் நீங்கள் கவனிக்கவில்லை என்றால் 35 இருந்தது 37ஐத் தாண்டிவிடும். கல்யாணம் காதுகுத்து என்று ஊருக்குப் போகிற ஆள் என்றால் தானாக ஊற்றுகிற ஆட்டோ டாப்-அப்பை முதல் நாளே மாட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டு எத்தனை பேர் கெடுத்தார்கள் தெரியுமா.

சம்ப் வழிவது ஜாதகம் பார்க்கிற விஷயம் இல்லை, கூட்டல் கணக்கு. உங்கள் தொட்டிக்கு உள் அளவு 58க்கு 43, அதாவது ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் என்பது 2.5 லிட்டர். ரிட்டர்ன் பைப்பின் வாய் தண்ணீருக்குள் 3 செ.மீ. இறங்கியிருந்தால், கரன்ட் போனதும் அந்த வாய் வெளியே தெரியும் வரை தண்ணீர் அதே பைப் வழியாகத் திரும்பி இறங்கும், 7.5 லிட்டர். பைப்புகளிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் (தொட்டியில் வழியும் தண்ணீர் கீழே போகும் முன் விழும் பெட்டி) நிற்பது இன்னொரு 3, 4 லிட்டர். ஆக சம்பில் எப்போதும் 12 லிட்டருக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். மேல்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே ரிட்டர்ன் பைப்பில் சின்ன ஓட்டை ஒன்று போட்டால் காற்று புகுந்து சீக்கிரம் நின்றுவிடும், அந்த ஓட்டையை மாதம் ஒருமுறை ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தாதீர்கள், சுண்ணாம்பு படிந்து அது மூடாமல் நிற்கும் நாள்தான் கரன்ட் போகும். தண்ணீர் ஊற்றிய முதல் நாளே, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, மெயின் சுவிட்சை நீங்களே பத்து முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

பிளக் எல்லாம் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் இருக்கட்டும். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், ஒயரோடு வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

கொசு. வடசென்னையில் இருந்துகொண்டு கொசு மருந்து வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஆனால் சொல்கிறேன். சுருளோ, பிளக்கில் சொருகும் திரவமோ, அதிலிருக்கும் பைரித்ராய்டு இறாலையும் நண்டையும் கொல்லும், அவையும் கொசுவுக்குத் தூரத்துச் சொந்தம்தானே. நான் ஹாலுக்கு வலை அடித்துவிட்டேன். போகி அன்று விடிகாலை தெருவே புகையாக இருக்கும்போது ஸ்கிம்மர் காற்றிழுப்பதை நிறுத்திவிட்டு சம்பில் கார்பன் பை போடுவேன், அது என் பழக்கம்.

சிறுதொட்டி_சிங்காரம்:

எல்லோரும் சம்ப் சம்ப் என்று பயமுறுத்துவானேன்? இரண்டடிக்கு சம்பே தேவையில்லை. பின்பக்கம் 12 செ.மீ. தடுத்து மூன்று அறை, ஒன்றில் ஸ்பான்ஜ், ஒன்றில் ஸ்கிம்மர், ஒன்றில் மோட்டார். ஓட்டை இல்லை, பைப் இல்லை, கரன்ட் போனால் வழிய எதுவும் இல்லை. ராயபுரத்தில் நான் மூன்று வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன். கீழ்வீட்டில் ஆள் இருக்கிறவர்களுக்கு இதுதான் நல்லது.

உப்புக்காத்து:

சிங்காரம் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கீழ்வீட்டு விஷயத்தில் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். எனக்கு ஒரே தகராறு: அந்த 12 செ.மீ. அறையில் நுழைகிற ஸ்கிம்மர் எல்லாம் பொம்மை மாதிரி இருக்கும், சில்லருக்குப் போகிற வருகிற இரண்டு ஓஸும் தொட்டி மேலேயே தொங்கும், பார்க்கச் சகிக்காது. சம்ப் இருந்தால் எல்லாம் கீழே போய்விடும், 35 லிட்டர் தண்ணீரும் கூடும், சூடும் உப்பும் அந்த அளவுக்கு மெதுவாக மாறும். மீன் இரண்டு, ஜோவாந்தஸ், மஷ்ரூம் மாதிரி மெத்தென்ற பவள வகைகள் மட்டும் போதும் என்றால் சிங்காரம் வழி. ஸ்கிம்மர், தானியங்கி எல்லாம் வேண்டும் என்றால் சம்ப்.

பரங்கிப்பேட்டை_பழைய_மாணவி:

அந்த ஜோவாந்தஸ் பற்றி ஒரு எச்சரிக்கை, யாரும் சொல்லாமல் விடுவதால். அதன் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு இருக்கிறது. வெட்டும்போது கைக்கு உறை, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அவசியம். அது ஒட்டியிருக்கும் கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றவோ கொதிக்க வைக்கவோ கூடாது, ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மூடி போடுங்கள், மீனும் வெளியே குதிக்காது.

மீனுக்கு, பண்ணையில் பொரித்த கோமாளி மீன் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் நான் படித்த கடல் உயிரியல் மையமும் குஞ்சு பொரிக்கும் முறையைச் செய்து காட்டிப் பல வருடம் ஆகிறது. சின்னதாக இரண்டு, ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரியதாக. எல்லாமே ஆணாகத்தான் தொடங்கும், ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிக்கொள்ளும், ஆண் பெண் பார்த்து எடுக்கிறேன் என்று கடையில் நின்று மல்லுக்கட்ட வேண்டாம். நீல டாங் கேட்டுப் பிள்ளைகள் அழும், ஓரடி வளர்கிற மீன் அது, இரண்டடித் தொட்டிக்கு ஆகாது.

இன்னொன்று, பழைய வண்ணாரப்பேட்டை, தாத்தா காலத்து வீடு என்கிறீர்கள். தளம் மெட்ராஸ் டெரஸா?

வண்ணை_மாடிவீடு:

ஆமாம் அக்கா. தேக்கு உத்திரம், மேலே செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். அதில் என்ன?

கொளத்தூர்_கண்ணாடி:

அதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீர் மேலே 105 லிட்டர், சம்பில் 35, கண்ணாடி 30, சம்ப் கண்ணாடி 10, கல்லும் மணலும் 20, ஸ்டாண்டு 30. கூட்டினால் 230 கிலோ, மூன்றரை ஆள் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் நகராமல் நிற்கிற மாதிரி. உத்திரம் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று கீழ்வீட்டுக் கூரையில் பாருங்கள். சுமை தாங்கும் சுவரை ஒட்டி, உத்திரத்தின் தலை சுவரில் ஏறும் இடத்தில், ஸ்டாண்டின் நீளம் இரண்டு மூன்று உத்திரத்துக்குக் குறுக்கே வருகிற மாதிரி வைக்க வேண்டும். உத்திரத்தில் கரையான் இருக்கிறதா என்று ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்து தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் சரி என்று சொல்லாமல் எனக்கு அட்வான்ஸ் தர வேண்டாம்.

ஸ்டாண்டுக்கு நாலு கால் வேண்டாம், அடியில் முழுப் பலகை. இரும்பு என்றால் உப்புக் காற்றில் ஒரே வருடத்தில் பொரிந்துவிடும், ஐஎஸ் 710 மெரைன் ப்ளைவுட் போடுங்கள். பித்தளை வால்வு, செம்பு எதுவும் தண்ணீரில் படக் கூடாது, இறால் போய்விடும்.

வண்ணை_மாடிவீடு:

பதினோரு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

வாளிக் கணக்கு: ஜன்னல் பக்கம் முதல் நாலு நாளும் மாலை 32ஐ ஒட்டி, ஒரு நாள் 32.6. காலையில்கூட 30க்குக் கீழே வரவில்லை. ஐந்தாம் நாள் வாளியை ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள உள்சுவர் ஓரமாக நகர்த்தினேன், மாலை 30.4, ஃபேன் வைத்தால் 29. அதற்கு மேல் இறங்கவே இல்லை. உப்புக்காத்து அண்ணே, நீங்கள் சொன்னதுதான்.

மேஸ்திரி வந்தார். உத்திரம் நன்றாக இருக்கிறதாம், ஆனால் ஜன்னல் பக்கம் ஒன்று மட்டும் ஓதம் ஏறி மெத்தென்று இருக்கிறது. அங்கேதான் தொட்டியை வைக்கப் போனேன்! உள்சுவர் ஓரம் வைக்கலாம் என்றார், அது ஒன்றரைக் கல் சுவர்.

ஆக, சில்லர் முதலில் வாங்குகிறேன், கண்ணாடி அடுத்த மாதம். சில்லரை ஸ்டாண்டுக்குள் அடைக்கப் போவதில்லை, அதன் சூட்டுக் காற்று பின்கட்டுப் பக்கம் போகிற மாதிரி வெளியே வைத்து ஓஸ் இழுக்கிறேன். சம்ப் உண்டு, மூன்று ஓட்டை உண்டு, 10 எம்எம். பவளம் ஆறு மாதத்துக்கு மஷ்ரூமும் லெதரும் மட்டும், பில்லோடு. பட்ஜெட் 60 என்பது இப்போது 85 ஆகியிருக்கிறது, இந்த விஷயம் இந்த இழையைத் தாண்டிப் போக வேண்டாம். பெரியப்பா பையன் கேனில் இப்போது அவர்கள் வீட்டு மெட்ரோ தண்ணீர் இருக்கிறது, கோபம் தீர்ந்துவிட்டது.

கொளத்தூர்_கண்ணாடி:

நல்லது. சில்லர் ஓஸ் எந்தப் பக்கம் போகிறது, இடதா வலதா? அதற்கு எதிர்ப்பக்கம் ஓவர்ஃப்ளோ பெட்டி வைத்தால் கை நுழைய இடம் இருக்கும். ஓட்டையின் நடு, ஓரத்திலிருந்து குறைந்தது அந்த ஓட்டையின் அகலம் அளவுக்காவது தள்ளியிருக்க வேண்டும், அதனால் ஓட்டையில் பைப்பை இணைக்கும் டேங்க் கனெக்டரை முதலில் வாங்கி அளந்து சொல்லுங்கள். நாளைக்கு மாற்ற முடியாது.

வண்ணை_மாடிவீடு:

ஓஸ் வலது, பெட்டி இடது. கனெக்டர் ஞாயிறு பாரிமுனை போய் வாங்கிவந்து அளவு அனுப்புகிறேன். வாளியை இன்று எடுத்துவிட்டேன், துணி ஊறவைக்க வாளி இல்லை என்று அம்மா பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.